வரப்பில் சாய்ந்து நின்ற கார்

நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் அல்லன். எல்லாம் தெரிந்தவன்போல் பேசுகிற முட்டாள்! என் அக்காவின் இடது கால் போனதற்குக் காரணம் நான்தான்... அவள் கணவர் அல்லர். உறவெல்லாம் அவரைச் சொல்கிறது. நான் வாயே திறக்கவில்லை.

கேட்டால் உங்களுக்குச் சிரிப்புகூட வரலாம். சிரியுங்கள், குற்றமில்லை.

அக்கா கணவரான மாமாவுக்கு ஏரியூரில் கடலைக்காடு. கூடவே ஒரு பழைய கார். ஒரு நாள் கேட்டார்: "மாப்ள, கியர் பாக்ஸ்ல ஒரு ஊளச் சத்தம் வருதுடா. பட்டறைக்கு உடலாமா?"

பட்டறையா? நான் இருக்கும்போதா! கைபேசியில் ஒரு வீடியோ பார்த்திருந்தேனே! "சும்மா இருங்க மாமா. ஆயில் கொறஞ்சிருக்கும். நானே பாத்து ஊத்திடறேன்" என்றேன்.

அந்தக் கியர் பெட்டிக்கு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி கிடையாது. பக்கவாட்டில் ஒரு திருகு, கழற்றினால் ஓட்டை. எண்ணெய் அதன் விளிம்பு வரை நின்றால் போதும். குறைந்தால் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அடியில் நுழைய வேண்டுமே... என் தொப்பை ஒத்துழைக்கவில்லை! ஆகவே ஒரு பக்கச் சக்கரங்களை வரப்பின்மேல் ஏற்றி நிறுத்தி, உயர்ந்த பக்கமாகத் தவழ்ந்து போனேன்.

ஓட்டை இருந்ததோ தாழ்ந்த பக்கம். திருகைக் கழற்றியதும் எண்ணெய் என் முழங்கை வரை வழிந்தது. "மாமா, தலதீவாளிக்கு வந்த மாப்ள வயிறாட்டம் ரொம்பி வழியுதுங்க!" என்று கத்தினேன். அவரும் சிரித்தார். வாங்கி வந்த ஆயில் டப்பாவை நான் திறக்கவேயில்லை.

சாய்த்துப் பிடித்தால் அரை டம்ளர் நீரும் விளிம்பைத் தொடும்... இது எனக்குத் தெரியாதா? அல்லது, சமதரையில் நிறுத்தி மறுபடி பார்க்கச் சோம்பலா? இன்றுவரை விளங்கவில்லை.

ஊளை நிற்கவில்லை. "வயசான வண்டி, பாடிட்டுப் போவுதுங்க" என்று அதற்கும் ஒரு வேடிக்கை பேசினேன்!

சில வாரம் கழித்து இருவரும் சேலத்துக்குப் புறப்பட்டார்கள். தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியர் தானாக நழுவியது. மறுபடி எந்தக் கியரும் விழவில்லை. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிற்று. முன்னால் ஒரு லாரி... அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் நசுங்கியது.

விபத்துக்குப் பின் பார்த்தபோது வண்டி நியூட்ரலில் இருந்தது. போதாதா? பெட்ரோலை மிச்சம் பிடிக்க அந்த இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிறவர்களை நாம் அறிவோம். மாமாவோ கையிறுக்கமான மனிதர். "கஞ்சப்பய, சொட்டுப் பெட்ரோலுக்குப் பொண்டாட்டி கால எடுத்துட்டான்" என்றார்கள்.

"கியர் தானா நழுவிருச்சு" என்று அவர் மன்றாடினார். "பொய் சொல்லாதீங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அக்கா, இன்னும் அவரோடு பேசவில்லை. ஒரே வீடு, இரண்டு சமையல்.

பட்டறையில் கியர் பெட்டியைப் பிரித்தபோது எங்கள் வீட்டாரில் நான் மட்டுமே நின்றேன். பற்கள் தேய்ந்து, அடியில் கறுப்பு வண்டல்... எண்ணெய் இல்லை! அப்போதுதான் அந்த வரப்பு கண்முன் வந்தது. "எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வரப்பில் செய்தது மடமை. இது? இது அறிந்தே செய்தது!

நேற்று, கடலைக்காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆரம்பத்துக்கென்று யோசித்து வைத்திருந்த நகைச்சுவையை விட்டுவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்... காலில் விழக் குனிந்தேன். விலகிக்கொண்டார். மடையை அடைத்தார். மண்வெட்டியை ஊன்றி நின்று, வீட்டுப் பக்கம் கை நீட்டினார்.

"போயி உங்கக்காகிட்டச் சொல்லு."