ஐஸ் எலியும் உயிர் எலியும்

1. பின்னறை ஃபிரீசர்

ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில், லாசால் என்ற இடத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். மத்தியானம் தண்ணீருக்கு ஐஸ் எடுக்கலாமென்று பின்னறை ஃபிரீசரைத் திறந்தேன். உள்ளே பை பையாக வெள்ளை எலிகள், குஞ்சு, நடுத்தரம், பெரிசு என்று பிரித்து அடுக்கியிருந்தன. நான் போட்ட சத்தத்தில் முன்பக்கத்துக் கிளிகளும் சேர்ந்து கத்தின.

முதலாளி பெர்னார் ஓடிவந்தார். பாண்டிச்சேரிக்காரர்.

"ஏம்மா, எதுக்கு இப்படிக் கத்துற? அது பாம்புக்குச் சாப்பாடும்மா!"

"ஆண்டவரே! எலியை ஐஸில போட்டு விக்கிற நாட்டுக்கா நான் வந்து சேர்ந்தன்?" என்றேன்.

நான் மட்டக்களப்பாள். எங்கள் வீட்டுக்குள் பாம்பு வந்தால் தடிதான் தேடுவோம். அதற்குச் சாப்பாடு வாங்க மனிதர்கள் காசோடு வருவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பேன்.

ஆனால் பழகிப்போனது. ஐஸ் எலியை முதல்நாளே பிரிட்ஜில் வைத்து இளகவிட்டு, பிறகு பையோடு சுடுதண்ணீரில் போட்டு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நீள இடுக்கியால் பிடித்து மெல்ல ஆட்டினால் பாம்பு பாய்ந்து எடுக்கும். செத்ததைத் தொடாத பாம்புகளுக்கென்று உயிர் எலியும் கொஞ்சம் வைத்திருந்தோம். அதை விற்கும்போது பெர்னார் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "பக்கத்துலயே நிக்கச் சொல்லு. எலிக்குப் பல்லு இருக்கு." பாம்பை எலி என்ன செய்துவிடும் என்று எனக்குள் ஒரு சிரிப்பு.

2. சிவமணி அக்கா

சிவமணி அக்கா யாழ்ப்பாணம். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் மகன் கஜன், 'பால் பைத்தன்' என்கிற, பந்தாகச் சுருளும் சின்ன மலைப்பாம்பு ஒன்று வளர்த்தான். கல்கரியில் வேலை கிடைத்துப் போனபோது, அங்கே எடுத்த வீட்டில் பாம்புக்கு அனுமதியில்லை. "அம்மா, உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். முதலில் அந்த அறைப் பக்கமே போகாத அக்கா, ஒரு வெள்ளிக்கிழமை அது தலை தூக்கித் தன்னையே பார்த்ததைக் கண்டாராம். அன்றிலிருந்து அவருக்கு அது நாகதம்பிரான், ஊர்க் கோயிலில் கும்பிடும் பாம்புச் சாமி.

ஒருநாள் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, உயிரோட ஒரு எலி தாரும்."

"ஏனக்கா? கஜன் எப்பவும் ஐஸ் எலிதானே வாங்குவான்?"

"அவனுக்கென்ன தெரியும்? மாசக்கணக்கா ஐஸில கிடந்த பிணத்தைத் தம்பிரானுக்கு ஆரும் படைப்பினமே? கிடந்த எல்லாத்தையும் குப்பையில போட்டிட்டன்."

"தம்பிரான் சைவமில்லையா அக்கா?"

"சும்மா இரும். எலியைத் தாரும்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "விட்டுட்டுப் போகக் கூடாது. பக்கத்தில நில்லுங்க. கொஞ்ச நேரத்தில எடுக்காட்டி எலியை வெளிய எடுத்துருங்க."

"ஓம் ஓம், தெரியும்" என்று பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

3. துவாயை விலக்கியபோது

அடுத்த நாள் வேலை உடுப்போடேயே வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் தொட்டி, மேலே ஒரு துவாய். துவாயை நான்தான் விலக்கினேன்.

ஐயோ! பாம்பின் முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தோலும் இல்லை, சதையும் இல்லை. முள்ளெலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா செய்தீங்க!"

"தலை தோய்ஞ்சு, விளக்குக் கொளுத்தி, பூ வைச்சு, எலியை உள்ள விட்டன். படையல் வைச்சால் கதவைச் சாத்திறதுதானே வழக்கம்? சாப்பிடேக்க நாங்கள் பார்த்துக்கொண்டு நிக்கலாமே? சாத்திப்போட்டு வெளியில இருந்து காது குடுத்துக் கேட்டனான். ஒரு சத்தமும் இல்லை, தங்கச்சி. ஆறுதலாச் சாப்பிடுது எண்டு இரவு வேலைக்குப் போயிட்டன். விடியத் திறந்து பார்த்தால் எலி முழுசா நிக்குது."

அவர் சொல்வது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். செத்தவீட்டுப் படையலுக்குக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பதை ஊரில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அதைக் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் பாம்புக்கும் ஒருவர் செய்வார் என்று எப்படி நினைப்பேன்?

பாம்பு சட்டை கழற்றும் நேரம் அது. கண் மங்கி, பசியில்லாமல் சுருண்டு கிடந்திருக்கிறது. எலிக்கோ தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. பால் பைத்தன் சண்டைக்குப் போகாது, தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகிவிடும். அது பந்தாகிக் கிடக்க, எலி தின்றிருக்கிறது. கத்தத்தான் பாம்புக்குக் குரல் ஏது?

பெர்னார் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டார். "கடையச் சாத்து. வண்டிய நான் எடுக்கிறேன்" என்றார். அவர் பகலில் கடை பூட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

மிருக வைத்தியர் புண்ணைச் சுத்தம் செய்து தைத்தார். காயம் ஆறினாலும், அது மறுபடி சாப்பிட்டால்தான் பிழைக்கும் என்றார். அக்கா சுவரில் சாய்ந்து அழுதார். "கஜனுக்கு என்னெண்டு சொல்லுவன்? நம்பி விட்டிட்டுப் போன பிள்ளைக்கு என்ன மறுமொழி சொல்லுவன்?" அன்றே சொன்னார். அவன் போனை வைத்துவிட்டான்.

4. எலிக்குப் பயந்த பாம்பு

காயம் மூடியதும் அக்கா வீட்டுக்குப் போனேன். ஐஸ் எலியைச் சுடுதண்ணீரில் சூடாக்கி இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். பாம்பு நாக்கை ஒருதரம் நீட்டியது. அவ்வளவுதான். விறுக்கென்று பின்னால் இழுத்து, தலையை ஒளித்துப் பந்தாகிவிட்டது.

செத்த எலியைக் கண்டு பாம்பு நடுங்குகிறது! இத்தனை வருச வேலையில் அப்படியொன்றை நான் கண்டதேயில்லை. அக்கா முகத்தை மூடிக்கொண்டார்.

வாரத்துக்கு ஒருதரம் அவரே முயன்றார். எலியை வேறு பக்கத்தால் காட்டிப் பார்த்தார், சின்ன எலி வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது பந்தானது. உடம்பு மெலிந்து முதுகெலும்பு கூரை முகடுபோலத் தூக்கி நின்றது. இனி இல்லை என்று பெர்னாரும் கைவிட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் கடைப் போன் அடித்தது.

"தங்கச்சி! எடுத்திட்டான்!"

"ஆரக்கா?"

"அவன்தான்! என்ர கையால எலியை எடுத்தவன். விழுங்கிறான், விழுங்கிறான்... ஐயோ, நான் வைக்கிறன், கஜனுக்கு வீடியோ எடுக்க வேணும்!"

கடைக்குள் சனம் நிற்பதையும் மறந்து நான் கூவினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வாங்குகிறவர் "ஓம் ஓம்" என்று தலையாட்டினால் அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

போன கிழமை கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு இளைஞன் உயிர் எலி வாங்கினான். ஐஸ் எலி வாங்க வந்த அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"யூ ஸ்டே? வித் ஸ்நேக்?"

தனக்கு வேலைக்கு நேரமாகிறது, உள்ளே விட்டுவிட்டு ஓட வேண்டும் என்றான் அவன்.

அக்கா முன்னால் வந்தார். அவன் கையிலிருந்த எலிப்பெட்டியை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"இதை உள்ள கொண்டுபோய் வையும், தங்கச்சி."

அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.