எதுன்னாலும் பரவால்ல

சிங்கப்பூரில் ஒரு பள்ளிக் கேன்டீனில் பதினெட்டு வருடம் கடை வைத்திருந்தவள் நான். இடைவேளை மணி அடித்ததும் ஓடி வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தே, இவனுக்கு மீ கோரெங் நூடுல்ஸ், இவளுக்கு நாசி லெமாக் தேங்காய்ச் சோறு, அந்த மூன்றாவது பிள்ளைக்கு முட்டை மட்டும் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில்தான் வளர்ப்புத் தாயாக இருக்கிறேன் என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கடையை விட்ட பிறகு வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்கு அதில் முதல் பாதியே போதும் என்று இருந்தது.

அவள் வந்தபோது பன்னிரண்டு வயது. படிக்க வைக்கிறோம் என்று தமிழ்நாட்டிலிருந்து தூரத்து உறவு ஒன்று அழைத்து வந்து, வீட்டுக்குள்ளேயே வைத்து வேலை வாங்கியிருக்கிறது. பள்ளி வாசலை மிதிக்க விடவில்லை. எதிர் வீட்டுச் சீன மாது சந்தேகப்பட்டு போலீசுக்குச் சொன்னதில் வெளியே வந்தவள். தாய் தகப்பன் இல்லை, ஊரில் ஓர் அக்கா இருப்பதாகச் சொன்னார்கள். விசாரணை முடியும் வரை எங்களோடு இருக்கட்டும் என்று ஒரு சமூக ஊழியர் அவளைக் கூட்டி வந்து விட்டார். இளம் பெண், கெட்டிக்காரி, வேகமாகப் பேசுவார். எனக்குக் காட்டிய தாளில் 'வீட்டு வேலை, சமையல் உதவி' என்று ஒரே வரிதான் இருந்தது.

"என்னமா சாப்பிடறே?" என்று கேட்டேன்.

"எதுன்னாலும் பரவால்ல ஆன்ட்டி."

படுக்கை விரிப்பு நீலமா பச்சையா? எதுன்னாலும் பரவால்ல. செருப்பு, சீப்பு, டிவி, எல்லாவற்றுக்கும் அதே பதில். முகத்தைப் பார்த்தேன். பதினெட்டு வருட அனுபவத்துக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை.

ஒரு வாரத்தில் வீட்டு வேலை எல்லாம் அவள் கைக்குப் போய்விட்டது. நான் எழுவதற்குள் பாத்திரம் துலங்கியிருக்கும், துணி மடித்திருக்கும். நம் வீடுகளில் பெண் பிள்ளையைப் பாராட்ட வேறு என்ன தெரியும்? "தங்கமான பொண்ணு, சொல்லாமலே செய்யுது" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன். அடுத்த மாதம் தீபாவளி வந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மேலும் கீழுமாக எல்லா வீட்டுக்கும் முறுக்கு கொடுப்பது என் வழக்கம். மாவைப் பிசைந்து வைத்துவிட்டுத் திரும்பினேன், அச்சு அவள் கையில் இருந்தது. ஒவ்வொன்றும் அளந்து வைத்ததுபோல் ஒரே வட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மலாய் அண்டை வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வீடியோ எடுத்து 'எம்பொண்ணு கைவண்ணம்' என்று சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன், சமூக ஊழியருக்கும் அனுப்பினேன்.

காலையில் நின்றவள் மதியம் வரை உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, ஒரு துண்டைக்கூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை. இது எதுவும் அப்போது என் கண்ணில் படவில்லை. அடுப்பை அணைத்ததும் அவள் கேட்டாள்: "அடுத்த மாவு எங்க இருக்கு ஆன்ட்டி?" நான் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை. "முதல்ல அதை உட்காரச் சொல்லு" என்றார்.

சாயங்காலமே சமூக ஊழியர் வந்துவிட்டார். என்னை வெளி நடைபாதைக்கு அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார். "ஆன்ட்டி, அந்த வீட்டுல பலகார ஆர்டர் எடுத்து, டெய்லி இதத்தான் செய்ய வெச்சிருக்காங்க. நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். என் மிஸ்டேக்தான்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். "அப்ப நானும் அவங்களும் ஒன்னா?" என்று கத்தினேன். அப்படி யாரும் சொல்லவில்லை, நானேதான் சொன்னேன். உள்ளே வந்து வீடியோவை அழித்தேன், சொந்தக்காரர்களிடமும் அழிக்கச் சொன்னேன். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. மறுநாளிலிருந்து ஒரு டம்ளரைக்கூட அவள் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சோபா நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், மூன்றாம் நாள் என்னிடம் வந்து கேட்டாள். "என்னை எப்ப அனுப்பப் போறீங்க ஆன்ட்டி?" வேலை இல்லையென்றால் வீட்டில் இடம் இல்லை என்றுதான் அவளுக்குத் தெரியும். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதன் பிறகு சமூக ஊழியர் சொன்னபடி நடந்தோம். எங்களைப்போல் அவளுக்கும் வீட்டில் ஒரே ஒரு வேலை. வாரத்தில் ஒரு நாள், ஏதாவது ஒன்றை அவளே தேர்ந்தெடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் மூவரும் தேக்கா உணவு நிலையத்துக்குப் போவோம். பிரியாணிக் கடை, தோசைக் கடை, சப்பாத்திக் கடை என்று சுற்றி வருவோம். ஒவ்வொரு கடை முன்னும் நிற்பாள், கடைசியில் என் தட்டைப் பார்த்து அதையே சொல்வாள். ஒரு தடவை பொறுமை போய், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. என் கணவர் பேருந்து ஓட்டுகிறவர், காத்திருப்பது அவருக்குத் தொழில். "விடு, சிக்னல் விழும்போது விழும்" என்றார்.

மூன்று வருடம் ஓடியது. பள்ளிக்குப் போனாள், சதை பிடித்தாள், கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். சிநேகிதிகளோடு பேசும்போது சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மாதிரியே வாக்கியத்துக்கு ஒரு 'லா' போட்டாள். ஆனால் எனக்கு இது வேண்டும் என்று மட்டும் வாய் வரவில்லை. பிறந்தநாளுக்குக் கேட்டாலும் அதே புன்னகை, அதே பதில். சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் நான் வேறொன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. ஒரு நாளாவது இந்தப் பிள்ளை வாய் திறந்து ஒன்றைக் கேட்கட்டும் தாயே என்றுதான் கேட்டேன்.

போன வருடக் கடைசியில் விசாரணை முடிந்தது. ஊரிலிருக்கும் அக்கா கல்யாணமாகி நல்ல இடத்தில் இருக்கிறாள். தங்கையை என்னிடம் விடுங்கள் என்று எழுதியிருந்தாள். அங்குள்ள அதிகாரிகள் வீட்டைப் போய்ப் பார்த்து நல்லபடியாகச் சொல்லியிருந்தார்கள். இங்கேயே இருந்து படிப்பை முடிக்கவும் அனுமதி கிடைக்கும். அவள் முடிவைக் கேட்க எங்கள் மூவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் முந்தின வாரமே அவள் அறைக்குப் புது மேசை வாங்கிப் போட்டிருந்தேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா?

"இங்கயே இருக்கட்டும். படிப்பு நல்லாப் போகுது" என்றேன்.

"ஆன்ட்டி, அவளே சொல்லட்டும் லா" என்றார் சமூக ஊழியர்.

அவள் நிமிர்ந்து, "எனக்கு அக்காகிட்ட போகணும்" என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

வீடு வரும்வரை நான் பேசவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு நாள் பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்காரி செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான். மூன்றாம் நாள் என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்தார். "மூணு வருஷமா கோயில் கோயிலாப் போனே, அது ஒன்னைக் கேக்கணும்னு. கேட்டுருச்சு. இப்ப அது நீ நெனைச்சதையே கேக்கணும்ங்கறியா?" என்றார். பெட்டி வாங்க வேண்டும், கிளம்பு என்று அவளிடம் போய்ச் சொன்னேன்.

சிராங்கூன் சாலையில் நான் எடுத்த கறுப்புப் பெட்டியை அவள் வேண்டாம் என்றாள். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைத் தூக்கினாள். இதை எவன் தூக்குவான் என்று கேட்டேன், நான்தான் என்றாள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"லீவுக்கு நான் வருவேன் ஆன்ட்டி. என் ரூமை யாருக்கும் குடுத்துராதீங்க."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் சமூக ஊழியர் அழைத்திருந்தார். ஐந்து வயதுக் குழந்தை, அடுத்த மாதம் வருகிறது. "அதைக் குடுத்துத்தான்மா ஆகணும். நீ வந்தா என்கூடப் படுத்துக்க" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. "அப்ப என்கிட்ட பேசாதீங்க, போங்க!" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினாள். பேருந்து வந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். வாழ்நாளில் என்னை யாராவது திட்டி எனக்குச் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான். சந்தோஷம் என்றால் சும்மா இல்லை, அழுதுகொண்டே வந்தேன்.

எங்கள் பேட்டை தோ பாயோ நெருங்கியபோது அவள் திரும்பினாள். கோபம் இன்னும் போகவில்லை.

"அந்தப் பாப்பா வந்தா, முதல் நாள் ஹால் லைட்டை அணைக்காதீங்க. எனக்கு அணைச்சிட்டீங்க. ரொம்ப பயமா இருந்துச்சு."

"மூணு வருஷமா சொல்லவே இல்லையேடி!"

"இப்ப சொல்றேன்ல" என்றாள்.