எந்தப் பக்கத்து மூக்கு

டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவருக்கு, ஓய்வு பெற்ற மறுவாரமே சாப்பாட்டு மேஜையில் புரையேறியது. காரணம், மனைவி சொன்ன ஒரு செய்தி.

"என்னங்க, நான் ஒரு குதிரை வாங்கப் போறேன்."

தண்ணீர் குடித்துத் தலையில் தட்டிக்கொண்டு, "இந்த வயசுல குதிரையா? எதுக்கு?" என்றார்.

"தபால் ஆபீஸ்ல தபால்தலை கிழிச்சுக் குடுத்து உக்காந்தே காலம் போச்சு. இனிமேலும் உக்காந்துதான் இருக்கப் போறேன். அதை ஒரு குதிரை மேல உக்காந்துக்கறேனே."

பழைய கார் நின்ற பின்கட்டுக் கொட்டகை காலியானது. குதிரையேற்றப் பள்ளியிலிருந்து கழித்துவிட்ட ஒரு பெண் குதிரை வந்து நின்றது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, மூக்கும் முழியுமாக ஒரு மிடுக்கு. மனைவி அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தாள்.

"லத்தி மட்டும் நான் அள்ள மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் டிரைவர். மாதம் திரும்புவதற்குள் லத்தி அள்ளுவதும் அவர்தான், புல் போடுவதும் அவர்தான். மனைவி காலையில் மகாராணி மேல் ஏறி ஊரைச் சுற்றிவிட்டு வருவாள். இவர் கொட்டகையைக் கழுவி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்பார்.

அப்படி நின்ற ஒரு காலையில்தான் அது நடந்தது. மகாராணி கொட்டகை வாசலில் வந்து நின்றது. மனைவி இன்னும் சேணத்தில்தான் இருந்தாள். குதிரை தலையை ஓர் உதறு உதறியது. டிரைவரின் வெள்ளை பனியன் முழுக்கச் சிவப்புப் புள்ளி.

"ஐயோ, ரத்தம்!"

மனைவி மேலிருந்தபடியே குனிந்து எட்டிப் பார்த்தாள். மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. டிரைவர் வேலைக்காலம் முழுக்க ஒரு பயணிக்குக்கூடச் சிராய்ப்பு வராமல் பஸ் ஓட்டியவர். ரத்தம் பார்த்துப் பழக்கமில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் தானாக நின்றது. மகாராணி ஒன்றும் நடக்காதது போல் புல்லில் வாய் வைத்தது.

இரண்டு நாள் விட்டு மறுபடி வந்தது. ஓடவில்லை, ஆடவில்லை, சும்மா நின்றபோது வந்தது. இந்த முறை மனைவியின் தம்பியும் இருந்தான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஆனால் பிறர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதுதான் அவனுக்கு முழுநேரத் தொழில்.

"மாமா, இது பிரஷர். எங்க கடைக்கு வர்ற ஒருத்தருக்கும் இப்படித்தான் வந்துச்சு. பஞ்சை வச்சு அடைங்க, நின்னுடும்."

"குதிரைக்குமா, மாப்ள?"

"மூக்குன்னா மூக்குதான் மாமா. அதுல குதிரை என்ன, மனுஷன் என்ன?"

ஒரு கட்டுப் பஞ்சை உருட்டி, டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு நீட்ட, மச்சினன் அதை வாங்கி மகாராணியின் மூக்கில் திணித்தான். மகாராணி அவனை ஒரு பார்வை பார்த்தது. பிறகு தும்மியது. குதிரைத் தும்மல் எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பஞ்சு, ரத்தம், சளி எல்லாம் மச்சினனின் புதுச் சட்டையில் போய் அப்பின. அவன் வந்த வழியே போனான். அதன் பிறகுதான் கால்நடை மருத்துவருக்கு போன் போட்டார்கள்.

மருத்துவர் குள்ளமான பெண்மணி. பெட்டியோடு ஒரு முக்காலியும் கொண்டு வந்தார். குதிரையின் மூக்கு எட்ட வேண்டுமே!

பஞ்சுக் கதையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "குதிரைக்கு வாயால மூச்சு விடத் தெரியாதுங்க. மூக்கு ஒண்ணுதான் வழி. ரெண்டு பக்கமும் அடைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? இனிமே ரத்தம் வந்தா மூக்குக்கிட்ட யாரும் போகாதீங்க. அமைதியா நிக்க வச்சுட்டு என்னைக் கூப்பிடுங்க. சரி, ரத்தம் எந்தப் பக்கத்து மூக்குல வந்துச்சு?"

"வலது" என்றார் டிரைவர்.

"இடது" என்றாள் மனைவி.

"வலதும்மா! என் கண்ணால பாத்தேன்."

"நான் மட்டும் என்ன காதாலயா பாத்தேன்? இடதுதான்."

"வலது இடது தெரியாமலா இத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன்?" என்று டிரைவர் குரலை உயர்த்தினார். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

மருத்துவரின் முகம் மாறியது. "ரெண்டு பக்கமும் வந்துச்சுன்னா நுரையீரல்ல இருந்து வரலாம். கேமரா விட்டுப் பாத்துடுவோம்."

மயக்க ஊசி போட்டதும் மகாராணியின் கீழுதடு தொங்கிப்போய், கூட்டத்தில் தூங்கும் அதிகாரி மாதிரி நின்றது. மருத்துவர் நீளமான குழாயை வலது மூக்கு வழியாக உள்ளே செலுத்தினார். எந்த வழியாகப் போனாலும் சேருமிடம் ஒன்றுதான் என்றார். சின்னத் திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சுரங்கப்பாதை தெரிந்தது. மூச்சுக்குழாய் கழுவி விட்டாற்போல் சுத்தம். இன்னும் கொஞ்சம் பார்ப்பதற்குள் மகாராணிக்கு மயக்கம் தெளிய ஆரம்பித்துவிட்டது. தலையை ஆட்டியதில் முக்காலி கவிழ்ந்தது. மருத்துவர் வைக்கோலில் விழுந்து எழுந்தார்.

"நுரையீரல்ல ஒண்ணும் இல்ல. காரணம் இப்போதைக்குப் புரியல" என்று, முடியிலிருந்த வைக்கோலை எடுத்தபடி சொன்னார். "தொண்டைக்குப் பக்கத்துல பை மாதிரி ஒண்ணு இருக்கு. பெரிய ரத்தக்குழாய் அது வழியாத்தான் போகுது. அங்க பூஞ்சை பிடிச்சிருந்தா கஷ்டம். ஒரு நாள் திடீர்னு குழாய் திறந்த மாதிரி கொட்டிடும். அப்படியிருக்காதுன்னு நெனப்போம். அடுத்த வாரம் வந்து அதையும் பாக்கறேன். அதுவரைக்கும் சவாரி வேண்டாம். வைக்கோலை நனைச்சுப் போடுங்க, தூசி ஆகாது. மறுபடி வந்தா உடனே சொல்லுங்க."

அவர் போன பிறகு மனைவி பிரஷ்ஷை எடுத்து மகாராணியின் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நீங்க அன்னிக்கே வேண்டாம்னு சொன்னீங்க" என்றாள், திரும்பாமல்.

"நான் எதைத்தான் வேணும்னு சொல்லியிருக்கேன்? ஃபிரிட்ஜையே வேண்டாம்னு சொன்னவன்தானே?" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் இன்னொரு பிரஷ்ஷை எடுத்து மறுபக்கம் தேய்க்கத் தொடங்கினார்.

அந்த வாரம் டிரைவர் கொட்டகையே கதியென்று கிடந்தார். செய்தித்தாளை அங்கேயே கொண்டுபோய் மகாராணிக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். விளையாட்டுப் பக்கம் வந்தால் அது காதை விடைத்துக்கொண்டு கேட்பதாக மனைவியிடம் சொன்னார். பழைய பஸ் ரூட்டில் நடந்த சண்டைகளையெல்லாம் சொன்னார். தன் வாயை அடக்காமல் முழுசாகக் கேட்ட முதல் ஜீவன் அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அது செத்துப்போய்விடுமோ என்ற நினைப்பும் வந்தது. செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

வாரக் கடைசியில் மூன்றாவது தடவை ரத்தம் வந்தது. அப்போது மனைவி, சும்மா பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று, நின்ற இடத்திலேயே மகாராணி மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். டிரைவர் எதிரில் நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். போன் போட்டதும் ஒரே போனில் இருவரும் கத்தினார்கள்.

"டாக்டர், வலது!"

"டாக்டர், இடது! அவர் பேச்சைக் கேக்காதீங்க!"

"ஒரே நேரத்துலதானே பாக்கறீங்க?" என்றார் மருத்துவர். "அப்படியே இருங்க. யாரும் நகரக் கூடாது. நான் வர்றேன்."

மருத்துவர் வந்தபோது மனைவி மேலேயும் டிரைவர் எதிரேயும் சிலை மாதிரி இருந்தார்கள். மூக்கோரம் ரத்தம் உறைந்திருந்தது. மருத்துவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஐயா, நீங்க பஸ்ல உக்காந்திருக்கீங்க. எதிர்ல இன்னொரு பஸ் வருது. உங்க வலது கைப் பக்கம் இருக்கறது அந்த பஸ்ஸுக்கு எந்தப் பக்கம்?"

டிரைவர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"...இடது" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் மேலிருந்தவள்.

"என் மேலயும் தப்பு இருக்கு. யாரு எங்க நின்னு பாத்தீங்கன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார் மருத்துவர். "ரெண்டு மூக்கு இல்ல, ஒரே மூக்கு. அப்போ விஷயம் இந்தப் பக்கத்துலயே இருக்கு."

மறுபடி மயக்க ஊசி, மறுபடி முக்காலி. இந்த முறை குழாய் இடது மூக்கில் போனது. கொஞ்ச தூரம்தான் போயிருக்கும், திரையில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"அதென்ன டாக்டர், பேரீச்சம்பழம் மாதிரி?" என்றார் டிரைவர்.

"பேரீச்சம்பழம் நெளியுமா? பாருங்க."

அது நெளிந்தது. டிரைவர் வாளியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அட்டை" என்றார் மருத்துவர். "குளத்துல தண்ணி குடிக்கும்போது குட்டியா உள்ள போயிருக்கும். வயிறு முட்டக் குடிச்சுப் பெருத்திருக்கு. கடிவாயில இருந்து அப்பப்ப ரத்தம் கசிஞ்சிருக்கு. வேற ஒண்ணும் பயமில்ல."

மனைவியின் கை வாய்க்குப் போனது. "செங்கல் சூளைக்குப் பக்கத்துல ஒரு குளம் இருக்கு. தினமும் நான்தான் ஆசையா இறக்கிக் குடிக்க விடுவேன்."

குழாயின் நுனியிலிருந்த சின்னக் கிடுக்கியால் அட்டையைப் பிடித்து மெல்ல மெல்ல வெளியே இழுத்தார் மருத்துவர். கட்டைவிரல் தடிமன் இருந்தது. அதை ஒரு பாட்டிலில் போட்டு மூடியதும் டிரைவர் தைரியம் வந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

"அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டான்னு எத்தனையோ பேரைத் திட்டியிருக்கேன். அட்டையை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். மனைவி அப்போதுதான் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. மகாராணியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மகாராணிக்கு மூக்கில் ரத்தம் வரவில்லை. மச்சினன் மட்டும், உள்ளே ஏதோ இருக்கிறதென்று தான் முதல் நாளே சந்தேகப்பட்டதாகவும், அதை வெளியே தள்ளத்தான் பஞ்சு வைத்ததாகவும் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சட்டைக்குக் காசு கேட்காதவரை பரவாயில்லை என்று டிரைவர் விட்டுவிட்டார்.

குளத்துத் தண்ணீர் இனிக் கூடாது என்பது மருத்துவரின் உத்தரவு. ஆனால் செங்கல் சூளை வந்தால் மகாராணி நின்றுவிடும். தண்ணீர் குடிக்காமல் ஓர் அடி நகராது. ஆகவே, மனைவி முன்னால் குதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து போக, பின்னால் டிரைவர் ஸ்கூட்டரில், கால்களுக்கு நடுவே தண்ணீர்க் கேனும் கைப்பிடியில் வாளியுமாகப் போவார். சூளை அருகே இறங்கி வாளியை நிரப்பி நீட்டுவார். மகாராணி முதலில் குளத்தைப் பார்க்கும், பிறகு வாளியைப் பார்க்கும், கடைசியில் அவரைப் பார்க்கும்.

"குடிம்மா" என்பார் அவர். "வீட்டுக் குழாய்த் தண்ணி. நான்கூட இதைத்தான் குடிக்கறேன்."