இருபத்தாறாவது பிரதி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் எனக்குச் சாட்சி கிடையாது.

அண்ணன் கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு பென்சில்.

"நல்லாக் கூராச் சீவி வைடா. இருபத்தஞ்சுன்னு எழுதணும்."

இருபத்தைந்து ஏற்கெனவே எழுதி, விற்றும் ஆகிவிட்டது. அதுதான் விஷயம்.

பழைய ஜாஸ் கலைஞர்களின் நெகட்டிவ்களிலிருந்து கையால் படம் அச்சிட்டுச் சேகரிப்பாளர்களுக்குக் கொடுப்பது அண்ணனின் தொழில். ஒரு படத்துக்கு இருபத்தைந்து பிரதிகள்தான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எண் எழுதுவார். கடைசிப் பிரதியை வாங்குகிறவர் கண்முன்னே நெகட்டிவை ஊசியால் குறுக்கே கீறிவிட வேண்டும். இனி யாராலும் அதை அச்சிட முடியாது என்ற உறுதிக்காகத்தான் வாங்குகிறார்கள்.

அன்று அச்சிடவிருந்த படத்தில் இருப்பவர் ஒரு டிரம்பெட் கலைஞர். வாத்தியம் உதட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கிறது. தோள்கள் உயர்ந்திருக்கின்றன. மூச்சை இழுத்து அப்படியே நிறுத்தியிருக்கிறார்.

அந்த நெகட்டிவ் கீறப்படவில்லை. அதே பிலிம் சுருளின் அடுத்த படத்தை எடுத்து அண்ணன் கீறிக் காட்டினார். தபால்தலை அளவு நெகட்டிவில் யாருக்கு வித்தியாசம் தெரியும்? வாங்கியவர் மூக்கில் ஒட்டும்படி வைத்துப் பார்த்துவிட்டு, திருப்தியாகக் கிளம்பிப் போனார். இன்னொருவர் அதே படத்துக்கு நச்சரித்துக்கொண்டிருந்தார். தப்பில்லையா என்று கேட்டேன்.

"வந்துட்டாருடா நீதிபதி. பென்சிலச் சீவு."

மணி 3.10. பட்டப்பகல். அண்ணன் இருட்டறைக்குள் போனார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்போது வீடே இடிந்து விழுந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. ஒரு கீற்று வெளிச்சம் பட்டால் தாள் கறுத்துவிடும். ஒருமுறை அவசரப்பட்டுத் திறந்துவிட்டு அண்ணனிடம் அறை வாங்கியிருக்கிறேன். அப்போது எனக்கு முப்பது வயது.

3.18. படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலில் தாளைப் போட்டுவிட்டார். எண்ணத் தொடங்கினார். கடிகாரத்தை நம்பமாட்டார். நூற்றிருபது வரை வாய்விட்டு எண்ணுவார். பத்துக்கு ஒருமுறை இருமுவார்.

"முப்பத்தொம்பது... நாப்பது..." இருமல். "நாப்பத்தொண்ணு..."

நின்றது.

மூச்சை இழுக்கும் சத்தம். மெதுவாக. நீளமாக. ஒரு மனிதனால் இழுக்கக்கூடிய அளவைத் தாண்டியும்... இழுத்துக்கொண்டே இருந்தது.

விடும் சத்தம் வரவில்லை.

கதவின் அடியில் ஏதோ பிறாண்டியது.

எழுந்தேன். கைப்பிடியில் கை வைத்தேன். சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.

"அண்ணே?"

"தெறக்காத."

அண்ணன் குரல்தான். பிறகு, நிதானமாக...

"நாப்பத்திரெண்டு..."

கையை எடுத்துவிட்டேன். உட்கார்ந்தேன்.

ஐம்பது. இருமல் இல்லை.

அறுபது. இல்லை.

பிறாண்டல் இன்னும் கேட்டது... பிறகு அதுவும் நின்றது.

எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை.

நூற்றிருபது.

தாள் அடுத்த கரைசல் தட்டுக்கு மாறும் ஒலி. தண்ணீர் சொட்டும் ஒலி.

பிறகு ஒன்றுமில்லை.

3.34. திறந்தேன்.

அண்ணன் தரையில் கிடந்தார். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. மார்பு பீப்பாய் போல உயர்ந்திருந்தது. நகங்களில் ரத்தம். கதவின் அடிப்பலகை முழுக்கக் கீறல்.

படம் கடைசித் தட்டில், ஃபிக்ஸர் கரைசலில் மிதந்தது. அவ்வளவு நேர்த்தியான அச்சை அண்ணன்கூடப் போட்டதில்லை.

அண்ணி அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ வாசல்லதானே இருந்தே. என்ன பண்ணிட்டிருந்தே?"

"அண்ணன் எண்ணுறதக் கேட்டுட்டிருந்தேன், அண்ணி."

அதன்பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாரடைப்பு இல்லை. தொண்டையில் அடைப்பு இல்லை. நுரையீரல் நிறையக் காற்று, வெளியே விடப்படாமல் அப்படியே இருந்ததாம். எவ்வளவு பிடிவாதமாக மூச்சை அடக்கினாலும் மயக்கம் வந்ததும் உடம்பு தானாக விட்டுவிடும், இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை என்றார். அண்ணன் என்னோடு பேசினாரே என்றேன்.

"பேசணும்னா மூச்ச வெளிய விடணும் தம்பி. இவர் விடவே இல்லையே."

ஊசியால் கீறிய அந்த இன்னொரு நெகட்டிவைப் பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதில் வாத்தியம் உதட்டில் பொருந்தியிருந்தது. தோள்கள் இறங்கியிருந்தன. சுருள் முழுவதிலும் அவர் மூச்சை விடுவது அந்தப் படத்தில் மட்டும்தான். கீறல் அவர் வாய் வழியாகப் போகிறது.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கைப்பழக்கத்தில், ஃபிக்ஸரில் கிடந்த படத்தைக் கழுவிக் கிளிப்பில் மாட்டினேன். ஒரு இரவில் காய்ந்துவிடக்கூடிய தாள் அது.

மூன்று வருடம் ஆகிறது. இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.