ஸ்டெல்லா அக்கா மாட்டிவிட்டுப் போன பெல்ட்

அப்பாவின் காக்கிச் சட்டையில் ஃபினாயில் வாடையும் நனைந்த நாயின் வாடையும் கலந்து வீசும். அம்மா அதைத் தனி வாளியில் ஊறவைத்து எவ்வளவு கும்மினாலும் போகாது. எங்கள் மூக்குக்கு அது பழகிவிட்டது. பட்டினப்பாக்கத்தில் நாங்கள் இருந்த குடியிருப்பின் நாய்களுக்குத்தான் கடைசிவரை பழகவில்லை. சாயங்காலம் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோரத்து நாய் ஒன்று தொடங்கும், அடுத்தடுத்த பிளாக் நாய்கள் அதை வாங்கிக்கொள்ளும், அந்தக் குரைப்பு எங்கள் மாடிப்படியை எட்டுவதற்குள் அம்மா அடுப்பில் டீத்தண்ணி வைத்துவிடுவாள். "உங்கப்பாவுக்கு மேளம் கொட்ட ஆரம்பிச்சிட்டாங்க" என்பாள்.

அப்பாவுக்குக் கார்ப்பரேஷன் "நாய்வண்டி"யில் தெருநாய் பிடிக்கும் வேலை. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று அவர் வலையோடு இறங்காத தெரு குறைவு. பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதுதான் பெயர். "ஏய் நாய்வண்டி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அதுவும் பழகிப்போனது.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்ததில்லை. பிறகு சட்டம் மாறியது. பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியில் சிறிதாக வெட்டி, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். இந்தச் செய்தி எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வந்து சேரவில்லை, சேர்ந்தவர்களும் நம்பவில்லை. வண்டி வருகிறது என்றால் வீட்டுக்கு வீடு பழைய பெல்ட்டும் சேலைக் கிழிசலும் வெளியே வரும். அதுவரை தெருவில் கிடந்ததெல்லாம் கழுத்தில் பட்டையோடு வீட்டு நாயாகிவிடும். பட்டை கட்டிய நாயை ஒருவர் "என்னுது" என்று சொல்லிவிட்டால் அப்பா அதைத் தொடக்கூடாது.

கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவர் வளர்த்த நாய் ஒன்றைப் பழைய காலத்தில் வண்டி தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வண்டியில் அப்பா இருந்தாரா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதிலிருந்து ஸ்டெல்லா அக்கா அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். அம்மாவோடு மட்டும் ஒட்டுறவு. "எங்க வலையில மீனு வுழுது, உன் ஊட்டுக்காரரு வலையில நாயி வுழுது, யாருக்குப் பாவம் ஜாஸ்தின்னு மாதாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே நெத்திலியை அள்ளிப் போடுவார்.

அவரிடம் இப்போது இருந்தது ராணி, செம்பட்டை நிறப் பெண் நாய். வீட்டுக்குள் விடமாட்டார், ஆனால் மீன் தலையெல்லாம் அதற்குத்தான். ராணி ஈன்ற குட்டிகள் பெரிய ரோட்டுக்கு ஓடி, ஒவ்வொன்றாக லாரியிலும் பஸ்ஸிலும் அடிபட்டுச் செத்தன. ஸ்டெல்லா அக்காவே அவற்றைக் கொண்டுபோய்க் கடற்கரை மணலில் புதைத்தார்.

பேப்பர் போடுகிறவரை ஏதோ ஒரு நாய் கடித்துவிட, எங்கள் குடியிருப்புக்கே வண்டி வரப்போகிறது என்று தெரிந்தது. ஸ்டெல்லா அக்கா மேலே வந்து அம்மாவிடம் பழைய பெல்ட் கேட்டார். அம்மா எதற்கு என்று கேட்காமல், எனக்குச் சிறிதாகிப்போன பள்ளிக்கூட பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அப்பா வலையோடு இறங்கி, ஸ்டெல்லா அக்காவின் காலடியில் நின்ற ராணியைப் பார்த்தார், அதன் கழுத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார். அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். "பெல்ட்டு கீதுப்பா, வுடு, அடுத்த தெருவுக்குப் போலாம்" என்றார் டிரைவர். அப்பா வலையைக் கீழே போட்டார்.

"உன் நாயின்னு சொல்லு ஸ்டெல்லா, நான் போய்க்கினே இருப்பேன். போன தபா குட்டிங்கள நீதான் பொதச்ச. வர்ற தபாவும் நீதான் பொதைக்கணும்."

"அன்னிக்குப் போனது வந்துச்சாண்ணே?"

"வரல" என்றார் அப்பா. "இது வரும்."

ஸ்டெல்லா அக்கா குனிந்து ராணியின் தலையைத் தடவினார். பிறகு அவரே பெல்ட்டைக் கழற்றி, ராணியைத் தூக்கி வண்டிக்குள் விட்டார். வலைக்கு வேலையே இல்லை. நேராக மாடியேறி வந்து எங்கள் வாசல் ஆணியில் பெல்ட்டை மாட்டினார். "ராணி வந்தா எடுத்துக்கினு போறேன். வரலேன்னா இங்கியே தொங்கட்டும். போறவன் வர்றவன் பாக்கட்டும்."

நாலைந்து நாளில் வந்திருக்க வேண்டிய நாய். இடையில் மழை பிடித்துக்கொண்டது. தையல் போட்ட நாயைத் தண்ணீரில் விடக்கூடாதென்று நாய் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். பெல்ட் பூஞ்சை பூத்துத் தொங்கியது. மாடிக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். தண்ணீர் லாரி வரிசையில் அம்மாவோடு யாரும் பேசவில்லை. "உங்களக் கட்டிக்கினு நாய் படாத பாடு படறேன்" என்று அவள் கத்தினாள். அப்பா தினமும் வேலை முடிந்ததும் ராணியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மாடிப்படியில் நின்று, யாருக்கென்றில்லாமல், "இன்னிக்குப் பிஸ்கட் துன்னுச்சு" என்று உரக்கச் சொல்வார். கீழ்வீட்டில் ஒரு பாத்திரம் தடாலென்று விழும். எனக்குப் பயமாக இருந்தது. ராணி செத்துவிட்டால் நாங்கள் அந்தக் குடியிருப்பில் எப்படி இருப்பது?

வெயில் வந்த அன்று காலையிலேயே வண்டி வந்தது. கதவைத் திறந்ததும் ராணி குதித்தது. மெலிந்திருந்தது, இடது காது நுனி இல்லை. ஸ்டெல்லா அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஞாபகம் வந்ததுபோல் திரும்பி, அப்பாவைப் பார்த்துக் குரைத்தது பாருங்கள், அப்படி ஒரு குரைப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஸ்டெல்லா அக்கா அதட்டினார்.

"குலைக்கட்டும் வுடு" என்றார் அப்பா. "குலைக்க உயிரோட கீதுல்ல."

ஸ்டெல்லா அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ராணிக்காக மட்டும் அழுதார் என்று நான் அப்போது நினைத்தேன். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசல் ஆணியில் பெல்ட் இல்லை. ஒரு பையில் வஞ்சிரம் தொங்கியது.

அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். ஸ்டெல்லா அக்கா மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்வி. ஓய்வு பெற்ற அப்பாவும் அம்மாவும் இப்போது வேளச்சேரியில் என்னோடு இருக்கிறார்கள். காக்கிச் சட்டை போய்விட்டது, வாடையும் போய்விட்டது. எங்கள் தெருவில் காது வெட்டிய நாய்கள் நிறைய. அப்பா கடைக்குப் போய் வரும்போது குனிந்து ஒவ்வொன்றின் காதையும் பார்ப்பார், அவை ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொள்ளும். ஒன்றும் குரைப்பதில்லை என்பதால் அவர் வருவது அம்மாவுக்குத் தெரிவதில்லை. வந்து உட்கார்ந்து, கேட்ட பிறகுதான் டீத்தண்ணி அடுப்பில் ஏறுகிறது.

"ஒண்ணாவது குலைக்குதா பாரு" என்று அப்பா குறைப்பட்டுக்கொள்கிறார்.