என் கையெழுத்தில் போன கிணறு

எழுபதுகளின் தொடக்கத்தில், கவரைப்பேட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் பஞ்சாயத்து மெம்பர். தேர்தலில் நின்று ஜெயித்தவள் இல்லை. ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால், எட்டாவது வரை படித்த என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டம் என்று ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. தீர்மானப் புத்தகத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு பியூன் வீடு வீடாக வருவார். ஏழு ஆண் மெம்பர்களின் கையெழுத்துக்குக் கீழே எனக்கு இடம் விட்டிருக்கும். மேலே பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். அதில் தீர்மானத்தைக் கிளார்க் பிறகு எழுதிக்கொள்வார். நானும் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டுவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு, வெட்கக்கேடு.

ஒருநாள் சர்வே ஆட்கள் வந்து, தாங்கல் என்கிற எங்கள் சின்ன ஏரியின் கரையில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றைச் சுற்றிக் கல் நட்டார்கள். அங்கே தொழிற்சாலை வருகிறதாம். பஞ்சாயத்தே சம்மதித்து எழுதிக் கொடுத்துவிட்டதாம். எங்கள் தெருவுக்கு இருந்தது அந்த ஒரு கிணறுதான், மற்றதெல்லாம் உப்பு.

பக்கத்து வீட்டுக்காரி நேராக என் வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பிரசவமானபோது எனக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமந்தவள் அவள்.

"யக்கா, நீ மெம்பராச்சே. கை தூக்குனியா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"இல்லடி. கூட்டமே நடக்கல."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் அவள் நம்பிவிட்டுப் போனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலை பொங்கி அடுப்பு அணைந்தது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கடைசியில் செருப்புக்கூடப் போடாமல் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன்.

கிளார்க் முணுமுணுத்துக்கொண்டே புத்தகத்தைத் திறந்தார். 'தாங்கல் கரை நிலத்தைக் கிணறு உட்படத் தொழிற்சாலைக்கு விட ஆட்சேபணை இல்லையென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' கடைசியில், மாவுக் கறையோடு, என் கையெழுத்து.

"இன்னாம்மா பேஜாரு பண்ற? எல்லாரும் போட்டாங்க, நீயும் போட்ட" என்றார் உள்ளே உட்கார்ந்திருந்த பஞ்சாயத்துத் தலைவர்.

"அப்போ யார் யார் போட்டதுன்னு ஊருக்குச் சொல்லுங்க."

"அதெல்லாம் வெளிய சொல்ற வழக்கம் கெடையாது."

வழக்கமாம், வழக்கம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் போடும் வரை நகர மாட்டேன் என்று மூன்று நாள் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். தொல்லை தாங்காமல் நாலாம் நாள் தலைவர் கூட்டத்தைக் கூட்டினார். தெருப் பெண்களை வரச் சொல்லியிருந்தேன். உள்ளே விடவில்லை, ஆனால் ஜன்னல் ஓரம் நிற்பதை யாரும் தடுக்கவில்லை.

பழைய தீர்மானத்தை ரத்து செய்யவேண்டும் என்று கேட்டேன். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவர். என் கை மட்டும் மேலே நின்றது. ஒரு மெம்பர் வேட்டிக் கரையை நீவிக்கொண்டிருந்தார், இன்னொருவர் காலண்டரைப் பார்த்தார். அவர்கள் எழுந்து போவதற்குள் புத்தகத்தை இழுத்துப் பழைய பக்கத்தைப் புரட்டி, கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களை ஜன்னல் பக்கம் பார்த்து உரக்கப் படித்தேன். ஏழு பெயரைத் தடங்கலில்லாமல் படித்தேன். எட்டாவது என் பெயர். அதையும் படித்தேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "நீ போட்டியா?"

"போட்டேன்டி. வெத்துக் காயிதத்துல போட்டேன்."

அவள் கத்துவாள் என்று பயந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னிக்குத் தூக்குனியே, அந்தக் கைய அன்னிக்குச் சும்மா வச்சினு இருந்தா போதுமேக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு எழுதாத பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. பியூனுக்கு என் மேல் ஏக எரிச்சல். கிணற்றை அந்தக் கோடையிலேயே மண் கொட்டி மூடினார்கள். நாங்கள் ரயில்வே கேட்டுக்கு அப்பால் குடத்தோடு நடந்தோம். அவள் முன்னால் போவாள், எனக்காக நிற்கமாட்டாள்.