கொடுக்க மனமில்லாத விலை

தன் பழைய உதிரிபாகக் கடையில் பச்சையண்ணன் கட்டைவிரல் நகத்தால் ஒரு பழைய முகப்பு விளக்கைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மேலே சிவப்பு, அதற்கடியில் சாம்பல், அதற்கும் அடியில் மங்கிய பச்சை எட்டிப் பார்க்கிறது. "இந்தா, வந்துட்டாரு பட்டாளத்துக்காரரு," என்கிறார். பச்சை தெரிந்தால் அது ராணுவ வண்டியில் பிறந்த விளக்கு, விலை ஏறும். தெரியாவிட்டால் வெறும் இரும்பு. பழைய ராணுவ ஜீப்புகளைச் சேகரிப்பவர்கள் அவருக்குப் பச்சையண்ணன் என்று பெயர் வைத்தது இதனால்தான். அந்த ஒரு நகத்தை மட்டும் அவர் வெட்டுவதே இல்லை.

பொருளைப் பார்த்து முடித்ததும் ஆளைப் பார்ப்பார். "வண்டி ஓடுதா, நிக்குதா?" ஓடுகிறது என்றால் ஒரு விலை. வாசலில் அழகுக்கு நிறுத்தியிருக்கிறேன் என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. "ஓடாத வண்டிக்கு எதுக்குய்யா பிரேக்கு?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார். வந்தவர் முறைத்துக்கொண்டே வாங்கிப் போவார். "உங்க தராசு ஆளுக்கு ஆள் தலையாட்டுது," என்பார், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனைவி.

இந்தச் சேகரிப்பாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விற்க மனமில்லாத பொருளை இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அது மரியாதைக் குறைவு. யானை விலை குதிரை விலை சொல்வார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு சிரித்து, தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். அண்ணனிடம் அப்படி ஒரு கார்புரேட்டர் துண்டில் சுற்றி மேல்தட்டில் இருந்தது. பின்கொட்டகையில் தனக்கென்று துண்டு துண்டாகச் சேர்த்துப் பூட்டிய ஜீப்பில் இனி அது ஒன்றுதான் மாட்ட வேண்டும். மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிப் போவதாகக் கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு. வருஷங்கள் ஓடிவிட்டன, வண்டிதான் ஓடவில்லை.

போன வாரம் ஒரு டீச்சர் வந்து அதே கார்புரேட்டரைக் கேட்டார். அண்ணன் வழக்கப்படி வாய்க்கு வந்த விலையைச் சொல்லிவைத்தார். டீச்சர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"சரிங்க. ஸ்கூட்டர வித்துட்டு வந்து வாங்கிக்கிறேன். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

அண்ணன் ஆடிப்போனார். "ஐயோ, அது விலை இல்லம்மா."

"பின்ன?"

"குடுக்க மாட்டேன்னு அர்த்தம்."

டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. "அப்பா பட்டாளத்துல டிரைவரா இருந்தவரு. இப்ப எங்களயே அடையாளம் தெரியல. தினமும் வீட்டுல ஓடாம நிக்குற ஜீப்புல ஏறி உக்காந்து வாயாலயே சத்தம் போட்டு ஓட்டுறாரு. ஒரு தடவயாவது நெசமா ஓடட்டுமேன்னு பாத்தேன்." பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அண்ணன் மனைவியைப் பார்த்தார். வாய்விட்டுக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வாக்குக் கொடுத்தது அவர், விட்டுக்கொடுக்க வேண்டியதோ மனைவி. மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி, துண்டில் சுற்றியிருந்த கார்புரேட்டரை இறக்கி டீச்சரின் முன்னால் வைத்தார்.

"ஓடப்போற வண்டிங்க. அதுக்கு என்ன விலையோ அதச் சொல்லுங்க," என்றார் கணவரிடம்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அண்ணன் கொட்டகைக்குப் போனார். இன்னொன்று எப்போது கிடைக்குமோ, கிடைக்காமலே போகுமோ. டிரைவர் சீட்டில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே வந்த மனைவி முன்சீட்டைத் துடைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

"ம், எடுங்க."

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். எஞ்சின் சத்தத்தை மனைவி வாயால் போட்டார்.